எழுப்பிவிடும் ரிக்ளைனர்: ஒற்றை மோட்டாரா, இரட்டை மோட்டாரா, இரண்டுமே வேண்டாமா?

மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கும் பார்க்கின்சன் நோய் வந்தவர்களுக்கும் உட்காருவதைவிட எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. அவர்களுக்காக ரிக்ளைனர் என்கிற சாயும் நாற்காலியை வாங்கப் போகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது ‘மோட்டார் ரிக்ளைனர்’ என்ற பெயரில். கடைகளில் அந்தப் பெயரால் விற்கப்படுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பொத்தானை அழுத்தினால் சாயும், நிமிரும், அவ்வளவுதான். இன்னொன்று, அடிச்சட்டத்திலிருந்து நாற்காலி முழுவதுமாக மேலெழும்பி முன்பக்கம் சரிந்து, உட்கார்ந்திருப்பவரைக் கிட்டத்தட்ட நிற்கும் நிலைக்குக் கொண்டுவரும். இதுதான் லிஃப்ட் ரிக்ளைனர். படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கடையில் நாற்காலி முழுதும் நிமிர்ந்த பிறகும் பொத்தானை விடாமல் அழுத்திப் பாருங்கள். இருக்கையின் பின்பகுதி மேலே வரவில்லை என்றால், நீங்கள் தேடி வந்தது அது அல்ல.

சாய மட்டும் செய்கிற மோட்டார் வகையையும், நெம்புகோலை இழுத்துச் சாய்க்கிற வகையையும் இந்தப் போட்டியிலிருந்து உடனே விலக்கிவிடலாம். நெம்புகோல் வகையில் நீட்டிய கால்தாங்கியை மடக்கக் கால்களாலேயே அழுத்தித் தள்ள வேண்டும். வலிக்கிற முழங்காலுக்கு அது தண்டனை. மோட்டார் வகை அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் கடைசியில் ஆளைத் தாழ்வான, மெத்தென்ற குழிக்குள் விட்டுவிடும். நம் வீட்டு ஈஸிசேருக்கும் இதே குறைதான். இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டால் எழுந்திருக்கும்போது முழங்காலிலும் தொடையிலும் விழும் சுமை கூடிவிடுகிறது.

அதனால்தான் லிஃப்ட் ரிக்ளைனருக்கு உண்மையான போட்டியாளர் இன்னொரு ரிக்ளைனர் அல்ல, உயரமான சாதாரண மர நாற்காலி என்கிறேன். கைப்பிடி உள்ள, ஆடாத ஒரு நாற்காலியின் கால்களுக்கு அடியில் குழியுள்ள கட்டைகளை வைத்து இரண்டு, மூன்று அங்குலம் உயர்த்தி, அழுத்தமான மெத்தை ஒன்றைப் போட்டால் பலர் தாமாகவே எழுந்துவிடுகிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கித் தாத்தாவை உட்காரவைக்கும் வீடுகள் இதைத் தெரிந்தோ தெரியாமலோ செய்துகொண்டிருக்கின்றன. ஆனால் பளபளக்கும் டைல்ஸ் தரையில் அந்த அடுக்கு வழுக்கும். மரக் கட்டையாக இருந்தாலும் அடியில் ரப்பர் வேண்டும். அரை லட்சம் ரூபாயை எளிதாகத் தொடக்கூடிய ஒரு பொருளை வாங்குவதற்கு முன் இந்தச் சில நூறு ரூபாய்ச் சோதனையை ஒரு வாரம் செய்து பார்ப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை. இருக்கைமேல் போடும் ஸ்பிரிங் மெத்தைகளும் கிடைக்கின்றன. அவை குறிப்பிட்ட உடல் எடைக்கென்று செய்யப்படுபவை. எடை குறைந்தவரை முன்கூட்டியே உந்தித் தள்ளிவிடும். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை.

அப்படியென்றால் லிஃப்ட் ரிக்ளைனர் யாருக்கு? அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு இதற்கு ஒரு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறது. இடுப்பிலோ முழங்காலிலோ கடுமையான மூட்டுவாதம் அல்லது கடுமையான நரம்புத்தசை நோய் இருக்க வேண்டும். வீட்டில் உள்ள எந்தச் சாதாரண நாற்காலியிலிருந்தும் எழ முடியாதவராக இருக்க வேண்டும். ஆனால் எழுந்து நின்றுவிட்டால் நடக்கக்கூடியவராக இருக்க வேண்டும். அப்போதும் தூக்கும் பொறிக்கு மட்டும்தான் பணம் தருவார்கள், நாற்காலிக்குத் தரமாட்டார்கள். எழுந்து நின்றால் நடக்க முடிய வேண்டும் என்ற நிபந்தனையைத்தான் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். காலில் எடை தாங்கவே முடியாதவரை இந்த நாற்காலி தூக்கினால் அவர் முன்பக்கம் வழுக்கித் தரையில்தான் இறங்குவார். அவருக்குத் தேவை தூக்கி மாற்றும் ஆள் அல்லது கருவி.

இனி மோட்டார் கணக்கு. ஒற்றை மோட்டாரில் முதுகுச் சாய்மானமும் கால்தாங்கியும் ஒன்றோடொன்று பிணைந்தே நகரும். இரட்டை மோட்டாரில் இரண்டும் தனித்தனி: முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டு காலை மட்டும் நீட்டலாம், காலைத் தொங்கவிட்டபடி முதுகை மட்டும் சாய்க்கலாம், பல மாதிரிகளில் ஏறக்குறைய மல்லாந்தே படுக்கலாம். கேட்க அருமையாக இருக்கும். விற்பனையாளரும் இதைத்தான் முன்னால் தள்ளுவார்.

ஆனால் ரிமோட்டைப் பாருங்கள். ஒற்றை மோட்டாருக்கு மேலே, கீழே என்று இரண்டு பொத்தான் போதும். இரட்டைக்கு நான்கு, சிலவற்றில் அதற்கும் மேல். கை நடுங்குபவருக்கும், பார்வை மங்கியவருக்கும், மறதி தொடங்கியவருக்கும் அந்த இரண்டு பொத்தான் பெரிய வரம். பகலில் சில மணி நேரம் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துவிட்டு எழுந்து போகிறவருக்கு ஒற்றை மோட்டாரே சரி. மீதிப் பணத்தைக் குளியலறைக் கைப்பிடிகளுக்குச் செலவிடுங்கள். மூச்சுத்திணறலால் இரவில் கட்டிலில் படுக்க முடியாமல் நாற்காலியிலேயே தூங்குபவர், நாளின் பெரும்பகுதியை அதிலேயே கழிப்பவர் ஆகியோருக்கு இரட்டை மோட்டார் ஆடம்பரம் ஆகாது. எடை ஒரே இடத்தில் அழுந்தாமல் அடிக்கடி நிலையை மாற்ற அது உதவும். இதயக் கோளாறால் கால் வீங்கியிருப்பவரை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் காலை உயர்த்திப் படுக்கவைக்க வேண்டாம்.

மோட்டார் எண்ணிக்கையைவிட முக்கியமானது அளவு. உட்காருபவரின் உள்ளங்காலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உள்ள உயரமே இருக்கையின் உயரம். முதுகு சாய்மானத்தில் படிந்திருக்கும்போது முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். ஆறடி ஆளுக்குச் செய்த நாற்காலியில் ஐந்தடி அம்மாவை உட்காரவைத்தால் கால் தொங்கும், முதுகு வளையும். இணையத்தில் படம் பார்த்து வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான். இன்னொன்று, நம் பெரியவர்களில் பலர் நாற்காலியிலும் ஒரு காலை மடக்கியே உட்காருவார்கள். மடக்கிய காலோடு நாற்காலி எழும்பத் தொடங்கினால் விழுவது நிச்சயம். அந்தப் பழக்கத்தை விடமாட்டார் என்றால் வாங்குவதையே மறுபரிசீலனை செய்யலாம்.

மின்வெட்டு நேரத்தில் சாய்ந்த நிலையில் மாட்டிக்கொண்டால்? சில மாதிரிகளின் அடாப்டரில் ஒன்பது வோல்ட் பேட்டரிகள் இரண்டு போட இடம் இருக்கும்; ஆபத்துக்கு ஒருமுறை நிமிர்த்திவிடும். அதைவிட, இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் செருகுவதே மேல். சிறிய மோட்டார்தான், இன்வெர்ட்டர் தாங்கும். சூடு தரும் வசதியை, நீரிழிவால் உணர்ச்சி மரத்துப்போனவருக்கு வாங்கவே வாங்காதீர்கள். சுடுவது தெரியாமல் தோல் வெந்துபோகும். சென்னை வெயிலுக்கு ரெக்சின் முதுகில் ஒட்டும். துணி உறை வியர்வையை உறிஞ்சும், சிறுநீர் கசிவையும் உறிஞ்சும். கசிவு இருப்பவருக்கு ரெக்சின்மேல் துவைக்கக்கூடிய பருத்தி விரிப்புதான் தோதாக இருக்கும். புடவைத் தலைப்பும் பேரப்பிள்ளைகளின் விரல்களும் அடியில் உள்ள கத்தரிக்கோல் போன்ற இரும்புச் சட்டத்துக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொத்தானைக் கடைசிவரை அழுத்த வேண்டியதில்லை. பாதி உயரத்தில் நிறுத்தி, கைப்பிடியை ஊன்றி மீதியைத் தாமே எழுந்தால் தொடைத் தசைக்குக் கொஞ்சம் வேலை மிஞ்சும். எழுந்ததும் தலை சுற்றுபவர்கள் ஒரு நிமிடம் நின்றுவிட்டு நடக்கட்டும்.

பணம் கட்டுவதற்கு முன் ரிமோட்டும் அடாப்டரும் தனியாகக் கிடைக்குமா, பழுது பார்க்க உங்கள் ஊருக்கு ஆள் வருவாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரும்புச் சட்டத்துக்கு ஒரு உத்தரவாதம், மோட்டாருக்கு ஒன்று, மெத்தைக்கு ஒன்று என்று காலக்கெடு வெவ்வேறாக இருக்கும். எலி கடித்த வயர் இவற்றில் எதிலுமே வராது.