இருநூறு பொன்னும் ஒரு வம்பயரும்

எங்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், தன் வம்பயர் (இரத்தக் காட்டேரி) வேட்டைக்காரனுக்கான சாமான் பட்டியலைக் கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு வந்தான். கைக் கிராஸ்போ (விசைவில்) 75 பொன். கணை இருபது, 1 பொன். அதில் பத்துக்கு வெள்ளிப் பூச்சு, 100 பொன். தோல் கவசம் 10, முகம் பார்க்கும் கண்ணாடி 5. ஆக மொத்தம் 191. கையிருப்பு இருநூறு. மிச்ச ஒன்பதுக்கு உள்ளிப்பூண்டு வாங்கலாமா என்று கேட்டான்.

பார்வைக்கு நல்ல பட்டியல். படங்களில் வருகிற வேட்டைக்காரன் அச்சொட்டாக இப்படித்தான் இருப்பான். ஆனால் நாங்கள் ஆடுவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரமேற்று டைஸ் உருட்டி ஆடும் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். (2024இல் திருத்திய புத்தகங்கள் வந்துவிட்டன. உவர்மலையில் எங்கள் மேசைக்கு அவை இன்னும் வந்து சேரவில்லை.) இந்த விதிகளுக்கு அவன் பட்டியலில் பாதிக்கு மேல் வீண்செலவு. அதே இருநூறுக்கு நான் வேறொரு பட்டியல் போட்டேன். இரண்டையும் வைத்து இரவு பதினொரு மணி வரை மல்லுக்கட்டினோம்.

முதலில் எதிரி யார் என்று சொல்லிவிடுகிறேன். கதைக்களம் நம் ஊர்தான்: ஒல்லாந்தர் காலத்துத் திருகோணமலைக் கோட்டை. பிரட்றிக் கோட்டை என்ற பெயரை ஆங்கிலேயர் பிறகுதான் வைத்தார்கள் என்பதால் ஆட்டத்தில் வெறும் 'கோட்டை' என்கிறோம். பத்தாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) வந்த கப்பலில் மண் நிரப்பிய ஒரு பெட்டி இறங்கியிருக்கிறது. பெட்டிக்குள் ஒரு பெரிய வம்பயர். அது கடித்து உண்டாக்கிய அடிப்பொடிகள் சில. விதிப் புத்தகத்தின்படி பெரியதுக்கு 144 உயிர்ப்புள்ளி, ஏசி 16. அடிப்பொடிக்கு 82, ஏசி 15. (ஏசி என்றால் குளிரூட்டி இல்லை, நம் அடி படுவதற்கு இருபதுமுக டைஸும் நம் கூடுதல் புள்ளிகளும் சேர்ந்து எட்டவேண்டிய எண்.) இவை இரண்டுமே தம் முறை தொடங்கும்போதெல்லாம் காயத்தைத் தாமே ஆற்றிக்கொள்ளும். பெரியது 20 புள்ளி, அடிப்பொடி 10 புள்ளி. என்ன வாங்குவது என்பதை இந்த 20உம் 10உம்தான் தீர்மானிக்கின்றன. தம்பி இவற்றைப் பார்க்கவே இல்லை.

"வெள்ளி எண்டா பேய்க்கு ஆகாதுதானே அண்ணா?" என்றான்.

ஓநாய் மனிதனுக்கு ஆகாது, சரி. பழைய 3.5 பதிப்பில் வம்பயருக்கும் ஆகாதுதான். அடிப்பொடிக்கு வெள்ளி ஆயுதம் போதும், பெரியதுக்கு வெள்ளியும் மந்திரமும் சேர்ந்த ஆயுதம் வேண்டும். தம்பி வாசித்தது அந்தக் காலத்துக் குறிப்பு, ஆகவே அவன்மேல் முழுக்கப் பிழை சொல்ல முடியாது. ஐந்தாம் பதிப்பில் அந்தச் சலுகை போய்விட்டது. மந்திரம் இல்லாத எந்த ஆயுதமும் வம்பயர்மேல் பாதிச் சேதமே செய்யும். வெள்ளி பூசினாலும் பாதிதான், பூசாவிட்டாலும் பாதிதான்.

கணக்குப் பார்ப்போம். கைக் கிராஸ்போவுக்கு ஆறுமுக டைஸ், அதோடு கைச்சுறுசுறுப்புக்கு 3. சராசரி ஆறரை. பாதியாக்கினால் மூன்று. தொடக்க நிலை வேட்டைக்காரனின் கணை ஏசி 15இல் படும் வாய்ப்பு 55 சதவீதம். பத்து வெள்ளிக் கணையையும் பத்துச் சுற்றில் எய்தால் ஐந்தாறு படும், மொத்தச் சேதம் பதினாறு பதினேழு. அந்தப் பத்துச் சுற்றில் அடிப்பொடி ஆற்றிக்கொள்ளக்கூடியது 100 புள்ளி. நூறு பொன்னும் ஆற்றில் கரைத்த புளி.

அதே நூறு பொன்னுக்கு நாலு போத்தல் புனித நீர் கிடைக்கும், ஒன்று 25. எறிந்து பட்டால் இரண்டு ஆறுமுக டைஸ், சராசரி ஏழு. அது ஒளிச்சேதம் என்பதால் பாதியாகாது. அதைவிடப் பெரிய விஷயம், பட்ட வம்பயர் தன் அடுத்த முறையில் காயத்தை ஆற்றிக்கொள்ள முடியாது. ஆகவே ஒரு போத்தலின் உண்மையான பெறுமதி அடிப்பொடிமேல் 17, பெரியதன்மேல் 27. மற்றவர்களின் வாளும் கணையும் செய்த சேதம் செய்தபடி நிற்பதும் அப்போதுதான்.

குறைகளையும் சொல்லவேண்டும். போத்தலை 20 அடி தூரந்தான் எறியலாம், அதாவது வம்பயர் ஒரே பாய்ச்சலில் உங்களைப் பிடித்துவிடும் தூரம். போத்தல் எறிவதற்குப் பயிற்சிப் புள்ளியும் கிடையாது. எனவே படும் வாய்ப்பு 45 சதவீதம், நாலு போத்தலில் இரண்டு பட்டாலே புண்ணியம். இருவர் ஒரே சுற்றில் எறிந்தால் ஒன்றாவது படும் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம். ஆனால் இரண்டும் பட்டுவிட்டால் இரண்டாவது போத்தலுக்கு ஏழு புள்ளி மட்டும்தான் மிச்சம், ஆறுவதை இரண்டு தடவை நிறுத்த முடியாதே. என் வழி இது: போத்தல்களை ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக் கொடு, முதல் ஆள் தவறினால் மட்டும் இரண்டாம் ஆள் எறியட்டும்.

வெள்ளிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அதற்கும் இடம் உண்டு. குழுவில் கிளெரிக் (பூசாரிப் பாத்திரம்) இருந்தால் புனித நீரைத் தானே தயாரிக்கலாம். ஒரு மணிநேரச் சடங்கு, ஒரு முதல்நிலை மந்திர இடம் (மந்திரம் போடும் வாய்ப்பு ஒன்று), 25 பொன் பெறுமதியான வெள்ளித் தூள். கணையில் பூசினால் உதவாத வெள்ளி இங்கே வேலை செய்கிறது. இந்தக் கிளெரிக் என்ற பாத்திர வகையே ஒரு வம்பயரால் பிறந்ததுதான். 1974இல் இந்த விளையாட்டு அச்சில் வருமுன், அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னசன் நடத்திய பிளாக்மூர் என்ற ஆட்டத்தில் சர் ஃபாங் என்ற வம்பயரை ஓர் ஆட்டக்காரரே ஆடினார். அவரை அடக்க ஆளில்லாமல் உருவாக்கிய வகை அது.

இடையில் ஒருவன், கோணேசர் கோயில் தீர்த்தம் கணக்கில் வருமா என்று கேட்டான். அது சாமி விஷயம், டைஸ் உருட்டித் தீர்ப்பதில்லை என்று ஆட்டத்தை நடத்தும் டிஎம் அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

அடுத்த சண்டை கிராஸ்போவில். கைக் கிராஸ்போ 75 பொன், எட்டும் தூரம் 30 அடி. லைட் கிராஸ்போ 25 பொன், எண்முக டைஸ், 80 அடி. "மற்றக் கையில பந்தம் பிடிக்கலாம் அண்ணா, ஸ்டைலா இருக்கும்" என்றான் தம்பி. ஸ்டைல் சரி. ஆனால் ஒற்றைக்கை ஆயுதத்துக்குக் கணை ஏற்ற ஒரு கை வெறுமையாக இருக்கவேண்டும் என்று விதி சொல்கிறது. பந்தத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை எய்யலாம், மறுதடவை பந்தத்தைக் கீழே போட வேண்டியதுதான். அந்த ஒரு தடவைக்காக 50 பொன் கூடக் கொடுப்பதா? ஐம்பது பொன் என்றால் இரண்டு போத்தல் புனித நீர். இதில் அவன் சீக்கிரம் இறங்கி வந்தான்.

உள்ளிக்கு இந்தப் பதிப்பில் ஒரு வரிகூட இல்லை. 3.5இல் உள்ளி மணக்கும் இடத்துக்குள் வம்பயர் நுழையாது, கண்ணாடியைக் காட்டினாலும் பின்வாங்கும். இப்போது இரண்டுக்கும் அஞ்சுவதில்லை. ஆனாலும் கண்ணாடியை வெட்ட வேண்டாம் என்றேன். வம்பயருக்குப் பிரதிபிம்பம் கிடையாது என்பது இன்னும் நிற்கிறது. கோட்டை விருந்தில் யார் மனிதர், யார் மற்றது என்று பார்க்க 5 பொன் மலிவு.

மர ஆப்புத்தான் அடுத்தது. இதைப் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்பதாலேயே எல்லாரும் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். சண்டை நடுவில் ஓடிப்போய் நெஞ்சில் குத்தினால் அது வெறும் கம்புக் குத்துத்தான். விதி கேட்பது மூன்று: குத்துவது மரத்தாலான கூர் ஆயுதமாக இருக்கவேண்டும், வம்பயர் தன் உறங்குமிடத்தில் இருக்கவேண்டும், அங்கே செயலற்றுக் கிடக்கவேண்டும். மூன்றும் சேர்ந்தால் அடிப்பொடி அழியும். பெரியது அழியாது, ஆப்பைப் பிடுங்கும் வரை அசையாமல் கிடக்கும், அவ்வளவுதான். எறியீட்டி அரைப் பொன் என்பதால் அதையே ஆப்பாக வைக்கலாம் என்று பார்த்தேன். முனை இரும்பு, செல்லாது என்றார் அக்கா. கடைசியில் பனை வைரத்தில் செதுக்கிய ஆப்பு என்று ஒத்துக்கொண்டார். பனஞ்சிராய் ஏறிய விரலோடு வளர்ந்தவர்களுக்கு அதன் கூர்மையை விளக்கத் தேவையில்லை. செலவு இல்லை. அடிக்கிற சுத்தியலுக்கு 1 பொன்.

பெரியதை உண்மையில் முடிக்கிறது வெயில். வெயிலில் முறை தொடங்கினால் 20 புள்ளி போகும், காயம் ஆறாது, புகையாகித் தப்பவும் முடியாது. ஆப்படித்த வம்பயரைப் பெட்டியோடு வெளியே இழுத்து வைத்தால் 144 புள்ளியும் எட்டுச் சுற்றில் தீரும். சுற்றுக்கு 6 வினாடி, மொத்தம் 48 வினாடி. கடலிலிருந்தே சூரியன் எழும்புகிற ஊரில் இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 'டேலைட்' மந்திரத்தை நம்பி யாரும் ஏமாறவேண்டாம். பேரில் பகல் இருந்தாலும் 2014 விதியில் அது வெயில் இல்லை, வெறும் வெளிச்சம். ஓடும் நீரும் 20 புள்ளி எடுக்கும். கோட்டையைச் சூழ்ந்த கடல் ஓடும் நீரா என்று கேட்டோம். நம் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீற்றர்கூட இல்லை, இதெல்லாம் ஓட்டமா என்று அக்கா மறுத்துவிட்டார். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

வெயிலோ ஆப்போ, முதலில் பெட்டி கிடைக்கவேண்டுமே. அதனால்தான் என் பட்டியலில் கடப்பாரை 2 பொன், மண்வெட்டி 2 பொன். தம்பி சிரித்தான். வேட்டைக்காரனா, கூலிக்காரனா என்று கேட்டான். சண்டையில் உயிர்ப்புள்ளி தீர்ந்ததும் அடிப்பொடி செத்துவிடும். பெரியது சாகாது. புகையாக மாறிப் பெட்டியை நோக்கிப் போகும். இரண்டு மணிநேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அழியும். சேர்ந்துவிட்டால் ஒரு மணிநேரம் கட்டைபோலக் கிடக்கும், பிறகு ஒரு புள்ளி திரும்பும், அங்கிருந்து பழையபடி ஆறத் தொடங்கும். வேட்டை முடிவது அந்த ஒரு மணிநேரத்தில். அப்போது கையில் கிராஸ்போ இருந்து பயனில்லை.

கடைசியில் ஒத்துக்கொண்ட பட்டியல்: லைட் கிராஸ்போவும் கணையும் 26, புனித நீர் நாலு 100, ஆணி பதித்த தோல் கவசம் 45, கண்ணாடி 5, குவிவிளக்கு 10, கடப்பாரை, மண்வெட்டி, சுத்தியல் எல்லாம் 5, கயிறு 1. மொத்தம் 192. மிச்சம் எட்டு. உள்ளி வாங்கவில்லையா என்று சீண்டினேன். தம்பி பதில் சொல்லாமல், கோட்டைக் குமாஸ்தாவிடம் எட்டுப் பொன்னுக்கும் ஊர் வரைபடம் ஒன்று வாங்குகிறேன் என்றான்.

அப்புறம் கைபேசியில் கணக்குப் போட்டான். புகை சுற்றுக்கு 20 அடி பறக்கும். நிமிடத்துக்குப் பத்துச் சுற்று, 200 அடி. இரண்டு மணிநேரத்துக்கு 24,000 அடி. கிலோமீற்றரில் ஏழேகாலுக்குச் சற்று மேல். கவராயத்தை எடுத்து, நாங்கள் பொறி வைக்கப்போகும் கோட்டை வாசலில் முனையை ஊன்றி வட்டம் போட்டான். வட்டத்துக்குள் பெரும்பகுதி கடல். உவர்மலை உள்ளே, உப்புவெளி உள்ளே. கன்னியா வெந்நீரூற்று கொஞ்சம் தள்ளி வெளியே.

"நிலாவெளி வெளியால போகுது. அப்ப பெட்டி அங்க இருக்கேலாது, என்னக்கா?" என்றான்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தன் குறிப்புக் கொப்பியைப் பக்கத்தில் இழுத்து, ஒரு சொல்லை வெட்டிவிட்டு மேலே வேறேதோ எழுதினார்.