சில்கார்டு 184: நுரையீரல் தமனி சிப்புக்கு எந்த அளவு உதவும்?

பிறவி இதயக் குறையால் நுரையீரலுக்கு ரத்தம் மிகுதியாகப் பாயும் குழந்தைகளுக்குத் தமனிச் சுவர் நாளடைவில் தடித்து விறைத்துப்போகிறது. அந்த ஓட்டத்தைச் சிப்பில், அதாவது செல்கள் வளரும் நுண்குழாய்கள் கொண்ட சிறு தகட்டில், உருவாக்க ஆய்வகங்கள் வழக்கமாக எடுப்பது டவ் நிறுவனத்தின் இந்த சிலிக்கோனைத்தான். ஓட்டம் சுவரை உரசும் உராய்வு விசைச் சோதனைக்குத் தாராளமாக வாங்கலாம். மருந்துச் சோதனைக்கு யோசிக்க வேண்டும்.

இது இரு பாகமாக வரும்: அடிப்பொருளும், அதை இறுகவைக்கும் இறுக்கியும் எடையில் 10:1. கண்ணளவு கூடாது, தராசில் நிறுக்கவும். குமிழி அடங்கும்வரை வெற்றிடக் கலனில் வைத்து, அச்சில் ஊற்றி, 65 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் விட்டால் போதும். லேடெக்ஸ் கையுறை வேண்டவே வேண்டாம்: அதிலுள்ள கந்தகம், சிலிக்கோனை இறுகவைக்கும் பிளாட்டினம் வினையூக்கியை முடக்கிவிடும், பரப்பு பிசுபிசுவென்றே நிற்கும். ஆக்சிஜன் பிளாஸ்மாவை (மின்னேற்றிய ஆக்சிஜன் வாயு) பரப்பில் காட்டியதும் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். தாமதித்தால் சரியாக ஒட்டாது. செல்கள் பற்ற ஃபைப்ரோனெக்டின் என்ற புரதப் பூச்சு அவசியம்.

பெரிய குறை விறைப்பு. இது மெகாபாஸ்கல் கணக்கு, தமனியோ கிலோபாஸ்கல் கணக்கு. இறுக்கியைக் குறைத்து மென்மையாக்கினால் இறுகாத சிலிக்கோன் மூலக்கூறுச் சங்கிலிகள் கசியும். மென்மையான சிலிக்கோன் ஜெல்லான சில்கார்டு 527 கலப்பதே மேல். இன்னொன்று, நீரை வெறுக்கும் சிறு மூலக்கூறுகளை இது உறிஞ்சிவிடும். செல்லுக்குப் போய்ச் சேரும் மருந்தளவு நாம் ஊற்றியதைவிடக் குறைவு, ஆகவே வெளிவரும் திரவத்திலும் செறிவை அளக்க வேண்டும். ஆக்சிஜனும் சுவர் வழியே புகும். குறை ஆக்சிஜன் சோதனையென்றால் ஊடகத்தை மட்டுமல்ல, சிப்பையே அந்தக் காற்றுக்குள் வையுங்கள்.