காரைக்குடி கல் தொட்டி: நாய், பூனை உலவும் தோட்டத்துக்கு வாங்கலாமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளுக்குப் போகிறவர்கள் பீங்கான் ஜாடியையும் தேக்குத் தூணையும்தான் முதலில் பார்ப்பார்கள். ஓரமாக மண் படிந்து கிடக்கும் கல் தொட்டியை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஒரு காலத்தில் மாட்டுக்குக் கழுநீர் வைத்த தொட்டிதான் அது. நாயையும் பூனையையும் தோட்டத்தில் உலவ விட்டு, சாயங்காலம் அவற்றோடு உட்கார்ந்திருக்க ஆசைப்படுகிறவர்கள் வாங்க வேண்டிய சாமான் அது என்று தயங்காமல் சொல்லலாம். பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை.

பிளாஸ்டிக் பேசினை நாய் கவிழ்க்கும், அல்லது விளிம்பைக் கடித்துத் துப்பும். எவர்சில்வர் சட்டி செட்டிநாட்டு வெயிலில் சீக்கிரமே கொதித்துவிடும். புதிதாக வார்த்த சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்புக் காரம் ஊறும். பல தடவை தண்ணீர் நிரப்பிக் கொட்டிய பிறகுதான் அதில் குடிக்கத் தண்ணீர் வைக்கலாம். கல் தொட்டிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

ஆனால் மண்பானையைப் போலத் தானாகத் தண்ணீரைக் குளிரவைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். பானையின் நுண்துளை வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே குளிர்கிறது. கருங்கல்லில் அப்படிக் கசிவு கிடையாது. கனத்த கல் மெதுவாகச் சூடேறும், அவ்வளவுதான் அதன் பலன். ஒருதரம் சூடேறிவிட்டால் இறங்கவும் நேரம் பிடிக்கும். அதனால் நாள் முழுக்க நிழல் விழும் இடத்தில்தான் வைக்க வேண்டும். மதியம் 12 மணிக்குப் பிறகு வெயில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள்.

கடையில் முதல் வேலை, தட்டிப் பார்ப்பது. தொட்டியை இரண்டு கட்டைமேல் தூக்கி வைக்கச் சொல்லி, விளிம்பை ஒரு நாணயத்தாலோ சின்னக் கல்லாலோ நாலு பக்கமும் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்ல கல். ஏதாவது ஒரு பக்கம் சத்தம் அமுங்கிப் பொத்தென்று கேட்டால் அங்கே விரிசல் ஓடுகிறது. பசையில் கல்தூளைக் குழைத்து விரிசலை மூடியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் வருடினால் அந்தக் கோடு மட்டும் வழவழப்பாக இருக்கும். பிறகு முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடச் சொல்லுங்கள். வெளிப்புறத்தில் ஈரக் கோடு கறுத்தால் வேண்டாம். உள்ளே எண்ணெய் பிசுக்கோ பெயின்டோ வார்னிஷோ இருந்தாலும் வேண்டாம். உளி பொளிந்த குழிகளுக்குள் இறங்கிய எண்ணெயை எடுக்க முடியாது.

அளவு விஷயத்தில் பேராசை கூடாது. வெளி அளவு 60 செ.மீ. நீளம், 40 அகலம், 30 உயரம். உள்ளே 48, 28, ஆழம் 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் சுமார் 27 லிட்டர் பிடிக்கும். கல்லின் எடை மட்டும் 120 கிலோ வரும். குட்டியானை வண்டியில் ஏற்ற நாலு ஆள் வேண்டும். வீட்டில் இறக்கி உருட்ட உருளைக் கட்டையும் கடப்பாரையும் வேண்டும். இதற்கு மேலே போவது வீண். 20 கிலோ நாய் ஒரு நாளைக்குக் குடிப்பது ஒன்று, ஒன்றேகால் லிட்டர். கடும் வெயிலில் இன்னும் கூடும். இரண்டு மூன்று நாய் இருந்தாலும் இந்த அளவே தாராளம். செதுக்கு வேலைப்பாடு உள்ள தொட்டிக்குக் கூடுதல் விலை சொல்வார்கள். நாய்க்கு அது தேவையில்லை, கழுவுகிறவருக்குத் தொந்தரவும்கூட. மொட்டையான தொட்டியாகக் கேட்டுப் பேரம் பேசுங்கள்.

வைக்கும்போது பலரும் செங்கல்லை அண்டைக் கொடுத்து அடியில் இடைவெளி விட்டுவிடுகிறார்கள். அந்த ஈர நிழலில் தேள் குடியேறும், தவளையைத் தேடிப் பாம்பு வரும். நாய் மூக்கை நுழைக்கிற முதல் இடமும் அதுதான். செம்மண் சரளையைக் கொத்திச் சமன் செய்து, நாலு விரல்கிடை ஆற்று மணல் பரப்பி, அடி முழுக்கப் படியும்படி இறக்குங்கள். சுவரை ஒட்டவும் வேண்டாம். உண்ணி ஒளிவதும் முட்டையிடுவதும் அந்த மாதிரி இடுக்கில்தான். ஒரு ஆள் நுழைந்து கூட்டுகிற அளவு இடம் விட்டால் போதும்.

மேலே என்ன மரம் நிற்கிறது என்பதையும் பாருங்கள். பூஜைக்கு வளர்க்கும் அரளியும் பொன்னரளியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அவற்றின் பூவும் இலையும் விழுந்து ஊறிய தண்ணீரும் ஆபத்து. அந்தச் செடிகளின் பக்கமே தொட்டி போகக்கூடாது. வேப்ப மர நிழல் அருமையானது, சருகை மட்டும் தினம் அள்ளிவிட வேண்டும். கொட்டுகிற தண்ணீர் வீணாகாமல் இருக்கப் பக்கத்தில் இரண்டு வாழைக்கன்று வையுங்கள். ஆமணக்குப் புண்ணாக்கை மட்டும் உரமாகப் போடாதீர்கள். அதன் வாசனைக்கு நாய் தோண்டித் தின்றுவிடும், உயிருக்கே ஆபத்து. வேப்பம் புண்ணாக்கு போடலாம்.

இனி, பெரும்பாலான வீடுகளில் கோட்டைவிடும் விஷயம் கொசு. டெங்குக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் முட்டை ஒட்டும். தண்ணீரைக் கொட்டிக் காய விட்டாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள். உளித்தடம் உள்ள கல் சுவர் அதற்கு வசதியான இடம். எனவே தண்ணீரைத் தினம் மாற்றுங்கள். வாரத்தில் இரண்டு நாள் தேங்காய் நாரும் கெட்டியான பிரஷ்ஷும் கொண்டு, விளிம்பிலிருந்து ஒரு சாண் ஆழம்வரை அழுத்தித் தேயுங்கள். பச்சைப் பாசியும் இதிலேயே போய்விடும். மாதம் ஒருமுறை 10 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கலந்து தேய்த்து, பத்து நிமிடம் விட்டு, மூன்று தடவை அலசி, காய்ந்த பிறகு நிரப்புங்கள். அதுவரை நாயைக் கட்டி வையுங்கள். சோப்பும் ஆசிட்டும் வேண்டவே வேண்டாம்.

பக்கவாட்டில் அடியோரம் துளை உள்ள தொட்டி கிடைத்தால் விடாதீர்கள். துணி சுற்றிய மரத் தக்கை போதும், பிடுங்கிவிட்டால் தண்ணீர் தானே வடியும். துளை இல்லையென்றால் ட்யூப் போட்டு உறிஞ்சி இறக்க வேண்டும்.

நாய்க்குட்டியும் கோழிக்குஞ்சும் உள்ள வீட்டில் உள்ளே ஒரு தட்டைக் கல்லைப் படிபோல் வையுங்கள், தவறி விழுந்த அணில்கூட ஏறிப் பிழைக்கும். தண்ணீரைப் பத்து செ.மீ.க்கு மேல் ஏற்றாதீர்கள். எலி நடமாட்டம் இருந்தால் நாய்க்கு லெப்டோ (எலிக்காய்ச்சல்) தடுப்பூசியை வருடம் தவறாமல் போடுங்கள். எலிச் சிறுநீர் கலந்த ஈர மண்ணிலிருந்தும் அந்த நோய் தொற்றும்.

பூனை மட்டும் வளர்க்கிறவர்களுக்கு இவ்வளவு பெரிய தொட்டி வேண்டாம். அதே கடைகளில் பழைய ஆட்டுக்கல்லைக் காட்டுவார்கள், அதையும் வாங்காதீர்கள். குழி குறுகல், மீசை இடிக்கிற பாத்திரத்தில் குடிக்கச் சில பூனைகள் தயங்கலாம். ஒரு சாண் அகலத்துக்குக் குறையாத, ஆழம் குறைந்த கல் சட்டி தேடுங்கள். விளிம்பு வரை நிரப்பி, சோறு வைக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.