சயின்ஸ் கிட்: மோட்டாருக்காக வாங்கலாம், டிடிஎஸ் பேனாவை நம்பி வாங்க வேண்டாம்

தருமபுரி, கிருஷ்ணகிரி ஸ்டேஷனரி கடைகளில் 600 ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிற, '6 வயதுக்கு மேல்' என்று அட்டையில் போட்டிருக்கும் கிட் இது. இரண்டு பென்சில் செல் போடும் ஹோல்டர், சின்ன மோட்டார், சுவிட்ச், கிளிப் ஒயர்கள், சிவப்பு எல்ஈடி, அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் லிட்மஸ் தாள், பட்டன் காந்தங்கள், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு டிடிஎஸ் பேனா. விளக்கத் தாள் இங்கிலீஷில் மட்டும்.

கொடுத்த காசுக்கு உருப்படியானது மோட்டாரும் எல்ஈடியும்தான். ஒயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். எல்ஈடியோ ஒயர் மாறினால் எரியவே எரியாது, நீளமான கால் பிளஸ் பக்கம் இருக்கணும். சுவிட்சைப் போடும் முன் "இப்ப எந்தப் பக்கம் சுத்தும், சொல்லு பாக்கலாம்" என்று கேளுங்கள். பிள்ளை தப்பாகச் சொன்னால் நீங்கள் திருத்தவேண்டாம், மோட்டார் திருத்திவிடும். எல்ஈடிக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் தராதது பெரிய குறை. இரண்டு செல்லின் 3 வோல்ட்டுக்கு 100 ஓம் ஒன்றை வாங்கி எல்ஈடியோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 9 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுத்தால் எல்ஈடி பளிச்சென்று ஒருமுறை எரிந்து போய்விடும். அதற்கு 470 ஓம் வேண்டும்.

ஒரே எலுமிச்சம்பழத்தில் எல்ஈடி எரிவதாக அட்டையில் படம் போட்டிருக்கிறார்கள். எரியாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஆணியும் செம்புக் கம்பியும் குத்தினால் ஒரு பழத்துக்கு ஏறக்குறைய 0.9 வோல்ட்தான் வரும். சிவப்பு எல்ஈடிக்கு 2 வோல்ட் அளவு தேவை. நான்கு பழங்களை வரிசையாக இணைத்து, ரெசிஸ்டர் இல்லாமல், அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், மங்கலாகத் தெரியும். மோட்டார் இதில் ஓடாது. வோல்ட் இருந்தாலும் கரண்ட் மிகக் குறைவு. மோட்டார் காயில் கட்டும் கடையில் கழிவுச் செம்புக் கம்பி கிடைக்கும். ஆனால் அதன்மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும், உப்புத்தாளால் நுனியைச் சுரண்டாவிட்டால் கரண்ட் பாயாது. பல வீடுகளில் இந்தச் சோதனை தோற்பது இங்கேதான்.

லிட்மஸ் தாள் தீர்ந்தால் கவலை வேண்டாம். நான்கைந்து செம்பருத்திப் பூவின் இதழ்களை அரை டம்ளர் வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினால் போதும்: எலுமிச்சைச் சாற்றில் ரோஸ் நிறமாகும், சோப்புத் தண்ணீரில் பச்சையாகும். மஞ்சள் தூள் சோப்பில் சிவக்கும், புளிப்பில் மஞ்சளாகவே இருக்கும், அதனால் அது பாதி வேலைதான் செய்யும்.

டிடிஎஸ் பேனாதான் நம்ம மாவட்டங்களுக்கு வில்லங்கம். நிலத்தடி நீரில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் அளவுக்கு ஃப்ளோரைடு இருக்கிற ஊர்கள் இவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பேனா காட்டுவது கரைந்த உப்புகளின் மொத்த அளவு. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினாலே அதிகம். 500 என்று காட்டும் எண்ணுக்குள் அது இருக்கிறதா என்று பேனாவுக்குத் தெரியாது. காய்ச்சினாலும் போகாது. 'எண் கம்மி, நல்ல தண்ணி' என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். போர்வெல் தண்ணீர், மழைத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்புப் போட்ட தண்ணீர் என்று வைத்து ஒப்பிட மட்டும் பேனா நல்லது.

பட்டன் காந்தங்களை எடுத்துப் பூட்டிவையுங்கள். இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். கடையிலேயே இரண்டு செல் போட்டு மோட்டாரை ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். பெட்டியைப் பிரித்தபின் பெரும்பாலும் மாற்றித் தரமாட்டார்கள்.