பக்கக்கோடா, உள்காதா: ஜீப்ரா மீனில் எதை எடுப்பது?

மீனுக்கு மயிர்ச்செல் (ஒலியையும் அசைவையும் உணரும், மயிர்போன்ற இழைகள் கொண்ட செல்) செத்தாலும் மறுபடி முளைக்கும். நமக்கு உள்காதின் கேட்கும் பகுதியில் போனது போனதுதான். இந்த மறுமுளைப்பை ஜீப்ரா மீனில் படிக்க வருபவர்கள் முதலில் தடுமாறுவது எந்த உறுப்பை எடுப்பது என்பதில்.

எட்டும் வசதி
பக்கக்கோடு: மீனின் உடல் நெடுக நீரசைவை உணரும் உறுப்பு. தோலின் மேலேயே இருக்கிறது. லார்வாவை (மீன்குஞ்சை) நியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலந்த நீரில் விட்டாலே மயிர்ச்செல்கள் மடிந்துவிடும்.
உள்காது: நீரில் கரைத்த மருந்து எளிதில் உள்ளே போகாது. லேசரால் சுட வேண்டும், இல்லையென்றால் அந்தச் செல்களை மட்டும் கொல்லும்படி மரபணு மாற்றிய மீன் வேண்டும்.

வேகம்
பக்கக்கோட்டில் மயிர்ச்செல் மறுபடி முளைக்க 2, 3 நாள் போதும். உள்காதில் பொறுமை வேண்டும்.

மரபணு
பக்கக்கோடு: மயிர்ச்செல் உருவாக அடோ1ஏ (atoh1a) மரபணு முக்கியம். மயிர்ச்செல்லைச் சுற்றியிருக்கும் துணைச்செல் ஒன்று பிரிந்து இரண்டு மயிர்ச்செல்லாவதை நுண்ணோக்கியில் உயிரோடு பார்க்கலாம். அந்த இரட்டையில் ஒன்று தலைப்பக்கம் திரும்பும், மற்றது வால்பக்கம். யார் எந்தப் பக்கம் என்பதில் எம்க்ஸ்2 மரபணுவுக்குப் பெரிய பங்கு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது!
உள்காது: முதலில் அடோ1பி. ஓட்டோலித் என்ற, காதுக்குள் இருக்கும் சிறு கற்களைப் பிடித்துக்கொள்ளும் முதல் செல்கள் அதனால் உருவாகின்றன. அப்புறம்தான் அடோ1ஏ.
நாட்ச் சமிக்ஞை (பக்கத்துச் செல்கள் ஒன்றுக்கொன்று சொல்லும் செய்தி) இரண்டிலும் உண்டு. அதைத் தடுத்தால் மயிர்ச்செல்கள் அளவுக்கு மீறிப் பெருகும்.

நிறைய மருந்துகளைச் சோதிக்க வேண்டுமா, செல் பிரிவதைப் படம்பிடிக்க வேண்டுமா? யோசிக்காமல் பக்கக்கோடு. காது எப்படி உருவாகிறது, சமநிலை எப்படித் திரும்புகிறது என்பது கேள்வியானால், சிரமப்பட்டாலும் உள்காதுதான் சரி.