நூல் முழுங்குன பூனையும் எங்க டவுன் மிருக க்ளினிக்கும்

மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல பூனை நாய் வளக்குறவங்க படிக்கணும்னுதான் இந்த ரிவ்யூ. நெறைய பேரு இன்னும் எதுன்னாலும் ஈப்போவுக்குத்தான் தூக்கிட்டு ஓடுறாங்க, கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர், சீக்காளி பூனைய காடியில வச்சிக்கிட்டு அவ்ளோ தூரம் போறது லேசு இல்ல. நம்ம டவுன் கடைவரிசையிலயே இருக்குற இந்த க்ளினிக்க ஊசி போடுற எடம்னு மட்டும் நெனச்சிருந்தா அது தப்பு, ஆபரேஷனே பண்றாங்க, நல்லாவே பண்றாங்க.

எங்க பூனை பேரு மிலோ. அம்மா ரப்பர் தோட்டத்துல பால்வெட்டு வேலைய விட்டதுக்கு அப்புறம் யூடியூப் பாத்து ஆரி வேலை, அதான் கொக்கி ஊசியால துணியில பூ வேலை போடுறது, கத்துக்கிட்டாங்க, இப்ப கல்யாண பிளவுஸ் ஆர்டர் எல்லாம் எடுக்குறாங்க. மயில் கழுத்துக்கு மட்டும் மூணு விதமான நீல நூல் மாத்தி மாத்தி போடுவாங்க, விடியக்காலையில மரம் சீவுன கை இவ்ளோ நுணுக்கமா வேலை பாக்குதேன்னு எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். மிலோ எப்பவும் அந்த ஆரி ஸ்டாண்டுக்கு அடியிலதான் படுத்துக் கெடக்கும்.

ஒரு நாள் திடீர்னு வாந்தி, மொதல்ல சாப்பாடு, அப்புறம் வெறும் மஞ்சத் தண்ணி. சார்டின் டின்ன தொறந்தா வீட்டையே ரெண்டாக்குற பூனை, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு மூலையில முதுக வளச்சி ஒக்காந்திருச்சு. ஒரு பெட் ஷாப்புல முடி உருண்டைதான்னு சொல்லி ஒரு ட்யூப் மருந்து வித்தாங்க, ஒண்ணும் கேக்கல. பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனசுலதான் சொன்னாங்க, அரை பனடோல், அதான் பாராசிட்டமோல் மாத்திரை, குடுத்துப் பாருங்கன்னு. தயவுசெஞ்சு யாரும் அத மட்டும் செஞ்சிராதீங்க, பூனையோட ஈரலுக்கு பாராசிட்டமோல உடைக்கிற சக்தி கெடையாது, ரத்தத்தையே கெடுத்துரும், ஒரு மாத்திரையே உயிர எடுத்துரும்.

க்ளினிக்குக்கு தூக்கிட்டுப் போனோம். டாக்டர் சீனவர், மலாய்ல நிதானமா பேசுவாரு, உதவிக்கு ஒரு தமிழ் பொண்ணு இருக்கு, அதனால அம்மாவுக்கு எதுவும் புரியாம போகல. அவரு மொதல்ல வயித்த அமுக்கிப் பாக்கல, வாயத்தான் தொறந்தாரு. தாடைக்கு கீழ கட்டவெரல வச்சி மெதுவா மேல தள்ளுனாரு, நாக்கு தூக்குச்சு, அடிநாக்குல ஒரு நீல நூல் சுத்தி இறுகிப் போயி சதைய லேசா அறுத்துருந்துச்சு. அம்மா ஒடனே கைய நீட்டிட்டாங்க இழுக்குறதுக்கு. அந்தப் பொண்ணு கையப் புடிச்சிருச்சு, "ஆன்ட்டி வேணாம், இழுத்தா உள்ள கொடலு அறுந்துரும்"னு.

அப்புறம் எக்ஸ்ரே எடுத்து ஸ்க்ரீன்ல காமிச்சாரு. நூல் எக்ஸ்ரேல தெரியாதாம், ஊசி இருந்தாத்தான் தெரியும், நல்ல வேளை ஊசி இல்ல. ஆனா கொடலு இருந்த விதம் தெரிஞ்சுது, பாவாட நாடாவ இழுத்தா துணி சுருங்கி சேருமே, அப்படி ஒரு பக்கமா சுருங்கிக் கெடந்துச்சு. நூலோட ஒரு முனை நாக்குல மாட்டிக்கிச்சு, மறு முனைய கொடலு கீழ இழுத்துக்கிட்டே இருக்கு, நூல் போகாது, அதனால கொடலுதான் நூல் மேல ஏறி மடங்குது, அப்படியே விட்டா நூல் கொடல அறுத்து ஓட்ட போட்டுரும், அழுக்கு வயித்துக்குள்ள கொட்டிரும்னு வெளக்குனாரு. பூனை நாக்குல இருக்குற முள்ளு எல்லாம் உள் பக்கமா சாஞ்சிருக்கும், அதனால வாயில போன நூல அதால துப்பவே முடியாதாம். எனக்கு இத்தன வருஷத்துல யாரும் சொல்லல.

இந்த எடத்துலதான் எனக்கு இந்த க்ளினிக் மேல மரியாத வந்துச்சு. ஒடனே பண்ணணும்னு சொன்னாரு, ஆனா பயமுறுத்தல. ஆபரேஷன், மயக்க மருந்து, ரத்தப் பரிசோதன, ட்ரிப், தங்குற செலவுன்னு தனித்தனியா எழுதி, கொடல எத்தன எடத்துல வெட்ட வேண்டியிருக்கும்னு உள்ள பாத்தாத்தான் தெரியும், அதனால கூட வரலாம்னும் மொதல்லயே சொல்லி கையெழுத்து வாங்குனாங்க. ஆயிரம் வெள்ளிக்கு மேல ஆச்சு, எங்களுக்கு அது பெரிய காசுதான், ஆனா எழுதிக் குடுத்தத தாண்டி ஒரு காசு வாங்கல, பாதி கட்டிட்டு மீதிய சம்பளம் வந்ததும் கட்டுனோம்.

மொதல்ல நாக்குல இருந்த நூல வெட்டி விட்டுட்டு, அப்புறம்தான் வயித்த தொறந்து கொடல்ல ரெண்டு எடத்துல வெட்டி எடுத்தாங்களாம். எடுத்த நூல ஒரு சின்ன டப்பாவுல போட்டு காமிச்சாங்க, மயில் கழுத்து நீலமேதான். அம்மா அழுதுட்டாங்க, டாக்டர் மலாய்ல, தையல் வேலை செய்யிற வீட்டுல இது அடிக்கடி நடக்குறதுதான், நேரத்தோட கொண்டாந்துட்டீங்கன்னு சொல்லி தேத்துனாரு. ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது நாள்லேர்ந்து அஞ்சாவது நாள் வரைக்கும்தான் தையல் விடுற ஆபத்து அதிகம், சாப்பிடாம சோந்து போனா காத்திருக்காம வாங்கன்னு சொல்லி அனுப்புனாங்க, சொன்ன மாதிரியே அந்த நாள்ல அவங்களே போன் பண்ணி விசாரிச்சாங்க. மிலோ இப்ப பழையபடி சார்டினுக்கு கத்துது.

கொறையும் சொல்லணும். ராத்திரி தொறக்க மாட்டாங்க, அவசரம்னா ஈப்போதான். சனிக்கெழம கூட்டம் தாங்காது, டாக்டர் ஒருத்தர்தான், ஆபரேஷன் நடந்தா வெளிய இருக்குறவங்க ரொம்ப நேரம் காத்திருக்கணும், அத யாராச்சும் வந்து சொன்னா நல்லாருக்கும். அதுக்காகத்தான் ஒரு ஸ்டார் கொறச்சி நாலு குடுக்குறேன், வைத்தியத்துக்கு மட்டும்னா அஞ்சுதான்.

இன்னொண்ணு, எந்த க்ளினிக்குக்குப் போனாலும் செவத்துல டாக்டரோட மலேசிய கால்நடை மருத்துவ மன்ற சர்டிபிகேட் இருக்கான்னு பாருங்க, 1974 சட்டப்படி பதிவு இல்லாதவங்க வைத்தியம் பாக்கக் கூடாது. இங்க கவுண்டர் பின்னாடியே மாட்டி வச்சிருக்காங்க.

போறவங்க போன் பண்ணிட்டுப் போங்க, ஆபரேஷன் நாளான்னு கேட்டுக்கோங்க. நாய் பூனை எல்லாத்துக்கும் ஒரே வெயிட்டிங் எடம்தான், பூனைய கூண்டுல வச்சி மேல ஒரு துண்டு போத்தி கொண்டு போங்க.