மானியில் தெரியும் டோபமைன்: ஒரு ‘நச்சுநீக்க’ச் செயலியோடு முப்பது நாள்

மூளையில் ‘தேங்கிக் கிடக்கும்’ டோபமைனை (நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்) முப்பது நாளில் வடித்துத் தருவதாகச் சொல்லும் கைபேசிச் செயலி ஒன்றைக் கட்டணம் செலுத்தி வாங்கி, ஒரு நாள்கூட விடாமல் பயன்படுத்திப் பார்த்தேன். பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. இதே வாக்குறுதியோடு கிடைக்கும் பல செயலிகள் ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருப்பதால், இதற்குச் சொல்வது மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

செயலியைத் திறந்தவுடன் மூளை வடிவில் ஒரு மானி தெரியும். முதல் நாள் காலையில் அது சிவப்பாக ஒளிர்ந்து, ‘உங்கள் டோபமைன் அளவு 81%’ என்றது. எட்டுக் கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்களைத் தவிர என்னைப் பற்றி அதற்கு வேறெதுவும் தெரியாது. மனித மூளையில் டோபமைனின் செயல்பாட்டை மதிப்பிட வேண்டுமானால், கதிரியக்கப் பொருளை இரத்தத்தில் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் போன்ற சோதனைகள் வேண்டும். அவையும் குறிப்பிட்ட பகுதியில் டோபமைனைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகள் எந்த அளவுக்கு இருக்கின்றன என்பது போன்ற விவரங்களை மறைமுகமாகக் காட்டுமே தவிர, தொட்டியில் தண்ணீர் இத்தனை விழுக்காடு நிற்கிறது என்று சொல்வதில்லை. எதில் 81 விழுக்காடு என்ற கேள்விக்குச் செயலியின் உதவிப் பக்கத்தில் எங்கும் விடை கிடையாது.

இதை வெறும் அலங்காரம் என்று விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் என் அப்பா அந்தத் திரையைப் பார்த்தார். அவருக்கு உடல் அசைவைக் குலைக்கும் பார்க்கின்சன் நோய் கண்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரையில்தான் காலை நேரத்தில் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொள்கிறார். சிவப்பு மானியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இது கூடினாக் கெடுதல்னு போட்டிருக்கே, அப்ப நான் மாத்திரையைக் குறைச்சுக்கட்டுமா?” என்று கேட்டார். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, கடும் காய்ச்சலோடு உயிருக்கே ஆபத்தான நிலை ஏற்படக்கூடும். அப்படிப்பட்ட மருந்து எடுப்பவர்களுக்கென ஒற்றை வரி எச்சரிக்கைகூடச் செயலியில் இல்லை.

டோபமைனை நஞ்சாகப் பார்க்கும் இந்தப் பேச்சு அதன் வரலாற்றுக்கே முரணானது. 1957-இல் ஸ்வீடன் அறிவியலாளர் அர்விட் கார்ல்சன், சர்ப்பகந்திச் செடியிலிருந்து எடுக்கப்படுவதும் மூளையில் டோபமைனைக் காலிசெய்வதுமான ரெசர்ப்பினை முயல்களுக்குக் கொடுத்து, அவை அசைவற்றுக் கிடந்தபின் லெவோடோபாவைச் செலுத்தியபோது அவை மீண்டும் எழுந்து நடமாடின. 1960-இல் ஆஸ்திரிய அறிவியலாளர் ஓலே ஹோர்னிகீவிச், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் அசைவைச் சீர்செய்யும் பகுதியில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினார். டோபமைனையே நேரடியாகக் கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதனால்தான் நுழையக்கூடிய முன்வடிவமான லெவோடோபா கொடுக்கப்படுகிறது. கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது இந்த வழியில்தான்.

மிகுதியும் கேடுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கே மிகுதி என்பதுதான் கேள்வி. மனச்சிதைவு நோயில் மூளையின் ஆழத்தில் டோபமைன் மிகுந்து சுரப்பது மாயக்குரல்களோடும் தவறான நம்பிக்கைகளோடும் தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. 1950-களிலிருந்து வழங்கப்படும் குளோர்புரோமசின் போன்ற மருந்துகள் டி2 என்ற டோபமைன் ஏற்பியை அடைத்து அதைத் தணிக்கின்றன. அதே அடைப்பு அசைவுப் பகுதியிலும் விழுவதால், நோயாளிக்குப் பார்க்கின்சன் போன்ற நடுக்கமும் விறைப்பும் வந்துவிடுவதுண்டு. ஒரே வேதிப்பொருள் ஓர் இடத்தில் கூடியும் மற்றோர் இடத்தில் போதாமலும் இருக்க முடியும்போது, மூளை முழுவதற்கும் ஒரே மானி வைப்பதில் பொருளே இல்லை.

செயலியின் பாடங்களில் திரும்பத் திரும்ப வருவது ‘டோபமைன் என்றால் இன்பம்’ என்ற வாசகம். இது பழைய கருத்து. அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜின் சோதனைகளில், மூளையில் டோபமைன் ஏறத்தாழ முழுவதும் அழிக்கப்பட்ட எலிகள் தாமாக உணவைத் தேடிப் போகவில்லை. ஆனால் நாவில் இனிப்பு நீரைத் துளி விட்டபோது மற்ற எலிகளைப் போலவே சுவைத்து நக்கின. சுவை இருந்தது, நாட்டம்தான் போயிருந்தது. இந்தப் பிரிவை நான் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு டோபமைன் ஏற்பியைத் தூண்டும் வேறொரு மாத்திரையையும் சேர்த்தபோது, அதுவரை சீட்டுக்கட்டைத் தொடாதவர் இரவு இரண்டு மணிக்கு இணையத்தில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். ‘பிடிக்கிறதா’ என்று கேட்டால் இல்லை என்பார்; கை மட்டும் நிற்காது. மருத்துவர் அந்த மருந்தைப் படிப்படியாக விலக்கியபின் அது அடங்கியது. 2010-இல் வெளியான ஆய்வொன்றில், 3,090 பார்க்கின்சன் நோயாளிகளுள் 13.6 விழுக்காட்டினரிடம் சூதாட்டம், அளவற்ற பொருள்வாங்கல் போன்ற கட்டுப்பாடிழந்த நடத்தைகள் காணப்பட்டன. அத்தகைய மாத்திரை எடுப்பவர்களிடம் அது கூடுதலாக இருந்தது.

இந்த இடத்தில் செயலியின் மஞ்சள் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு நாளும் இலக்கை முடித்தால் ஒரு பெட்டி குலுங்கித் திறக்கும்; சில நாள் ஐந்து புள்ளி, சில நாள் ஐந்நூறு, சில நாள் வெறும் காற்று. நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளில் கண்டது இதற்கு நேராகப் பொருந்துகிறது. பழச்சாறு எதிர்பாராமல் கிடைக்கும்போது டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. சாறு வருமென விளக்கொளி முன்கூட்டிச் சொல்லப் பழகியபின் துடிப்பு விளக்குக்கு இடம்மாறியது. சாறு வராதபோது, வரவேண்டிய அந்த நொடியில் துடிப்பு தாழ்ந்தது. எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அந்த அணுக்கள் கணக்கிடுகின்றன. எனவே கணிக்க முடியாத பரிசு கொண்ட ஒரு பெட்டியை வைத்து டோபமைனிலிருந்து விடுதலை தருவதாகச் சொல்வது, புகையை ஊதிக்கொண்டே புகைக்கு எதிராகப் பேசுவது போன்றது. இரண்டாம் வாரத்தில் அந்தப் பெட்டிக்காகவே நான் காலையில் கைபேசியை எடுக்கத் தொடங்கியிருந்தேன்.

எனினும் இரண்டு வசதிகள் உண்மையாகவே உதவின. நாம் குறித்துவைத்த செயலியைத் திறந்தால் பத்து நொடி வெற்றுத்திரை காட்டிவிட்டுத்தான் உள்ளே விடுகிறது. பாதி வேளைகளில் அந்தப் பத்து நொடிக்குள் எதற்காகத் திறந்தேன் என்பதே மறந்துபோய் வைத்துவிட்டேன். ‘கையில் எடுக்குமுன் என்ன நினைத்தீர்கள்?’ என்று கேட்டு ஒரு சொல்லில் பதிலைக் குறித்துக்கொள்ளும் பகுதியும் நன்று. என் பதில்களில் ‘சலிப்பு’ என்ற சொல்லே மிகுதி. இவை நடத்தைச் சிகிச்சையில் நெடுநாளாக வழங்கும் உத்திகள். டோபமைன் என்ற சொல்லே இல்லாமலும் இவை வேலை செய்யும்.

கண்டிக்க வேண்டியது முதல் நாள் பட்டியலை. காணொளி, இனிப்பு, புகை, மது என எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்து ‘இன்றே நிறுத்துக’ என்கிறது. ஆனால் புகையிலுள்ள நிக்கோட்டின் வேறோர் ஏற்பி வழியாக டோபமைன் அணுக்களைத் தூண்டுகிறது, மது பல வேதிப்பாதைகளை ஒருசேரத் தொடுகிறது. நெடுங்காலம் கடுமையாகக் குடித்தவர் மருத்துவக் கண்காணிப்பின்றித் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம்; சிலர் இறந்தும் போகிறார்கள். காணொளியை நிறுத்துவதோடு இதை ஒப்பிட முடியாது.

பத்து நொடித் தடைக்காக மட்டும் வாங்குவதானால், கைபேசியின் அமைப்புகளிலேயே நேரவரம்பு வைக்கும் வசதி கட்டணமின்றி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நரம்பியல் அல்லது மனநல மருந்து எடுப்பவர்கள் இருக்கும் வீட்டில் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த எச்சரிக்கை வரியைச் சேர்க்கும்படி தயாரிப்பாளர்களுக்கு எழுதினேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது, கூடவே ஐம்பது புள்ளிகளும். அதன்பின் வந்த இரண்டு புதுப்பிப்புகளில் மானியின் சிவப்பு ஊதாவாக மாறியிருக்கிறது. எச்சரிக்கை வரி இன்னும் வரவில்லை.